எட்டுக் கட்டங்களும் மைக் டைசனும்

சென்ற இதழில் திண்டுக்கல்லிலிருந்து ஒரு பி.எட். மாணவி கேட்டிருந்தார்: "எரிக்சனின் உளச்சமூக வளர்ச்சிக் கோட்பாட்டை ஒரு பிரபலத்தின் வாழ்க்கையோடு பொருத்தி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். குத்துச்சண்டை வீரர் மைக் டைசனை எடுத்துக்கொள்ளலாமா?" தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள், நல்ல தேர்வு என்று ஒரே வரியில் பதில் எழுதினேன். அந்த ஒரு வரிக்கு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. சிலர் கோபமாகவே எழுதியிருக்கிறார்கள். அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே. புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வரி: எரிக்சன் ஓர் உளவியலாளர்; பிறப்பு முதல் முதுமை வரை வாழ்க்கையை எட்டுக் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் இரண்டு குணங்கள் எதிரெதிரே இழுக்கும் என்றார்.

கேள்வி: எட்டுக் கட்டம் போட்டு அட்டவணை தயாரித்தேன், அம்மா. டைசனுக்கு முதல் நான்கு கட்டத்திலும் 'தோல்வி' என்றுதான் எழுத வருகிறது. அடித்தளமே இல்லாதவர் 20 வயதில் உலகச் சாம்பியன் ஆனது எப்படி? எங்கே தப்பு செய்கிறேன்?
(அதே மாணவி, திண்டுக்கல்)

தப்பு உங்களிடம் இல்லை, அட்டவணையில் இருக்கிறது. அதே அட்டவணையை நானும் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் 29 வருடம் கரும்பலகையில் போட்டேன். இடப்பக்கம் வயது, வலப்பக்கம் 'நம்பிக்கை × அவநம்பிக்கை', 'தன்னாட்சி × வெட்கம், ஐயம்', 'முன்முயற்சி × குற்ற உணர்வு' என்று வரிசையாக. நடுவில் போடுகிற அந்தப் பெருக்கல் குறியால் வந்த வினை இது. பார்ப்பவர்களுக்குப் பாஸ், ஃபெயில் மாதிரி தெரிகிறது. எரிக்சன் அப்படிச் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் குழந்தைக்கு வேண்டும். அவநம்பிக்கையே இல்லாத குழந்தை, யார் மிட்டாய் காட்டினாலும் பின்னாலேயே போய்விடும். எந்தப் பக்கம் எடை கூடுகிறது என்பதுதான் கேள்வி. ஒரு கட்டத்தில் குறைந்தது பின்னால் வேறொருவர் மூலம் கொஞ்சம் ஈடாகவும் செய்யும்.

இப்போது டைசனைப் பாருங்கள். 1966 ஜூன் 30-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தார். அவர் பிறந்த சமயத்திலேயே அப்பா வீட்டை விட்டுப் போய்விட்டார். கையில் காசு இல்லாமல் குடும்பம் வீடு மாறி மாறி, கடைசியில் பிரவுன்ஸ்வில் என்ற பகுதிக்கு வந்து சேர்ந்தது. மெல்லிய குரல், பேசினால் நாக்குத் தடிக்கும். மற்ற பையன்கள் அதைச் சொல்லிச் சொல்லி அடித்தார்கள். அவருக்கு உயிராக இருந்தவை புறாக்கள். ஒரு பெரிய பையன் அவருடைய புறா ஒன்றைப் பிடித்துக் கழுத்தைத் திருகிப் போட்டான். தன் வாழ்க்கையின் முதல் சண்டை அதற்காகத்தான் என்று டைசன் பல முறை சொல்லியிருக்கிறார். அந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். கை ஓங்கினால் மதிப்பு வரும் என்பதை அந்தப் பிள்ளை, தான் நேசித்த ஒன்று செத்த நாளில் கற்றுக்கொண்டது.

நான்காவது கட்டம் உழைப்பு, எதிரே தாழ்வு மனப்பான்மை. பள்ளி வயதுப் பிள்ளை ஏதாவது ஒன்றைச் செய்து காட்டி, "இது எனக்கு வரும்" என்று உணர வேண்டிய காலம். டைசனுக்குப் பள்ளி அதைத் தரவில்லை, தெரு தந்தது. பிக்பாக்கெட், வழிப்பறி. 13 வயதுக்குள் 38 முறை போலீசில் பிடிபட்டார். நீங்கள் அங்கே 'தோல்வி' என்று எழுதியிருப்பீர்கள். அவரோ தனக்குக் கைவந்த ஒரே தொழிலில் தேர்ந்திருந்தார். எரிக்சன் இதற்கு 'எதிர்மறை அடையாளம்' என்று பெயர் வைத்தார். நல்லவன் என்ற பெயர் தனக்குக் கிடைக்காது என்று தெரிந்த பிள்ளை, யாருமில்லாதவனாக இருப்பதைவிட முழுக்கக் கெட்டவனாகவாவது இருப்போம் என்று முடிவெடுக்கும். அம்மா தன்னை நினைத்துப் பெருமைப்பட்டு ஒரு நாளும் பார்த்ததில்லை என்பது டைசனுக்கு வாழ்நாள் வலி. காசு கொடுத்து வாங்காத புதுத் துணியோடு வீட்டுக்கு வருகிற பையனாகத்தான் அந்தத் தாய்க்கு அவரைத் தெரியும்.

பிறகு ட்ரயான் என்ற சீர்திருத்தப் பள்ளி. அங்கே பாபி ஸ்டூவர்ட் என்ற ஆலோசகர், அவரும் முன்னாள் குத்துச்சண்டைக்காரர்தான், பையனுக்குச் சொல்லிக்கொடுத்து, கேட்ஸ்கில் என்ற சிற்றூரில் இருந்த கஸ் டமாட்டோவிடம் அழைத்துப் போனார். கஸ்ஸுக்கு அப்போது 70 வயது கடந்துவிட்டது. ஃபிளாய்டு பேட்டர்சனை உலகச் சாம்பியனாக்கியவர். டைசனைத் தன் வீட்டிலேயே தங்க வைத்தார். கமீல் ஈவால்டு என்ற அம்மையார்தான் அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டார். நேரத்துக்குச் சாப்பாடு, அவரவர் வேலையை அவரவர் செய்ய வேண்டும், சொன்னால் கேட்க வேண்டும். டைசனுக்கு 16 வயதில் தாய் இறந்தபின் கஸ் சட்டப்படி காப்பாளர் ஆனார். உங்கள் அட்டவணையில் 'நம்பிக்கை' என்ற வரிக்கு நேரே '14 வயது, கேட்ஸ்கில்' என்று எழுதுங்கள். பேராசிரியர் ஏன் என்று கேட்டால், பிறந்த ஆண்டில் கிடைக்காதது அந்த வீட்டில்தான் கிடைக்கத் தொடங்கியது என்று சொல்லுங்கள்.

சரி, சாம்பியன் ஆனது எப்படி? எல்லாக் கட்டமும் நிறைந்து ஆகவில்லை. ஐந்தாவதான 'அடையாளம்' என்ற ஒரே கட்டம் நிறைந்து வழிந்தது. அச்சம் நெருப்பு மாதிரி, அடக்கினால் சோறாக்கும், விட்டால் வீட்டை எரிக்கும் என்று கஸ் சொல்லிக்கொடுத்தார். நீ உலகத்திலேயே இளைய ஹெவிவெயிட் சாம்பியன் ஆவாய் என்று தினமும் காதில் ஓதினார். அந்தப் பையனின் அடையாளம் முழுவதும் அந்த ஒரு சொல்லில், அதைச் சொன்ன அந்த ஒரு மனிதரில் நின்றது. 1985 நவம்பர் 4 அன்று கஸ் இறந்துபோனார். டைசனுக்கு 19 வயது. ஒரு வருடம் கழித்து 1986 நவம்பர் 22-ல் ட்ரெவர் பெர்பிக்கை இரண்டாவது ரவுண்டில் வீழ்த்தி, 20 வயது நான்கு மாதத்தில் பட்டம் வாங்கினார். சொன்னது பலித்தது. சொன்னவர் இல்லை.

அடுத்த கட்டம் நெருக்கம், எதிரே தனிமை. தான் யார் என்பதில் உறுதியில்லாதவருக்கு இன்னொருவர் அருகில் வந்தாலே தான் கரைந்துபோவது போல இருக்கும் என்பது எரிக்சனின் கருத்து. 1988 பிப்ரவரியில் நடிகை ராபின் கிவன்ஸுடன் திருமணம். ஜூனில் மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 விநாடியில் நாக் அவுட் செய்தார். செப்டம்பரில் அந்த மனைவி, அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே, இவரோடு வாழ்வது நரகம் என்று தொலைக்காட்சியில் சொன்னார். அடுத்த பிப்ரவரியில் விவாகரத்து. வளையத்துக்குள் 91 விநாடி போதுமானவருக்கு வீட்டுக்குள் ஒரு வருடம் முழுசாக ஓடவில்லை. கஸ்ஸின் வழியில் வந்த பயிற்சியாளர் கெவின் ரூனியையும் 1988-லேயே விலக்கியிருந்தார். 1990 பிப்ரவரி 11, டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸிடம் விழுந்ததை உலகமே அதிர்ச்சி என்றது. இந்தத் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் எனக்கு அதிர்ச்சி வரவில்லை.

ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். எரிக்சனும் தன்னைப் பெற்ற தகப்பன் யார் என்று தெரியாமலே வளர்ந்தவர். மாற்றாந்தந்தையின் 'ஹோம்பர்கர்' என்ற பெயரோடு இருந்தவர், அமெரிக்கக் குடிமகன் ஆனபோது எரிக்சன் என்ற பெயரைத் தானே சூட்டிக்கொண்டார். எரிக்கின் மகன் என்று பொருள். அடையாளம் என்ற சொல்லை அவர் ஏன் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார் என்பதற்கு நான் வேறு விளக்கம் தேடியதில்லை.

கேள்வி: பாலியல் வல்லுறவு வழக்கில் சிறைக்குப் போன ஒருவரை ஆசிரியர் ஆகப்போகும் பெண்ணுக்கு 'நல்ல தேர்வு' என்கிறீர்கள். வறுமை, தகப்பன் இல்லை என்று கதை சொல்லிக் குற்றத்தைக் கழுவுவதற்கா உளவியல்? வறுமையில் வளர்ந்த எல்லோரும் இப்படியா செய்தார்கள்?
(ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தஞ்சாவூர்)

ஐயா, உங்கள் கோபம் நியாயமானது. முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 1991 ஜூலையில் இண்டியானாபொலிஸ் நகரில் நடந்த அழகிப் போட்டிக்கு வந்திருந்த 18 வயதுப் பெண் டைசன் மீது புகார் கொடுத்தார். 1992 பிப்ரவரி 10-ல் நடுவர் குழு அவரைக் குற்றவாளி என்றது. ஆறு ஆண்டு சிறைத் தண்டனை, மூன்று ஆண்டு உள்ளே இருந்தார். டைசன் இன்றுவரை மறுக்கிறார். நான் தீர்ப்பை ஏற்கிறேன்.

எல்லோரும் அப்படிச் செய்யவில்லை என்பதும் உண்மை. அவருடைய சொந்த அண்ணன் மருத்துவமனையில் நோயாளிகளைக் கவனிக்கும் வேலைக்குப் போனார். அதே தாய், அதே தெரு. ஒரு மனிதர் எந்த வழியாக இங்கே வந்து சேர்ந்தார் என்று காட்டத்தான் கோட்பாட்டால் முடியும். செய்தது சரியா என்ற கேள்விக்கு அதனிடம் பதில் தேடக் கூடாது. எரிக்சனே அப்படித் தேடவில்லை. 1918 அகமதாபாத் மில் வேலைநிறுத்தத்தை வைத்துக் காந்தியைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதி, அது 1969-ல் வெளிவந்தது. எழுதிக்கொண்டே போனவர் நடுவில் நிறுத்திவிட்டு, காந்திக்கே நேராக ஒரு கடிதம் எழுதுகிறார். அகிம்சை பேசிய நீங்கள் கஸ்தூர்பாவிடமும் உங்களை நம்பி வந்த பிள்ளைகளிடமும் காட்டிய கடுமை என்ன என்று கேட்கிறார். தான் வணங்கிய மனிதரிடமே அதைக் கேட்டவரின் கோட்பாடு அது. குற்றத்தைக் கழுவ அதைப் பயன்படுத்தினால் அவருக்குத்தான் அநியாயம் செய்கிறோம்.

ஆனால் ஐயா, எனக்கு உங்களுடையதை விடப் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. அந்தப் பெண்ணுக்கும் 18 வயது. 'நான் யார்' என்பது முடிந்து, 'யாரை நம்பி அருகில் விடலாம்' என்பது தொடங்குகிற வயது. ஐந்தாம் கட்டத்துக்கும் ஆறாம் கட்டத்துக்கும் நடுவில் இருக்கும் வாசல்படி. அந்தப் படியில் வைத்து அவருக்கு நடந்ததை யாரும் எட்டுக் கட்டத்தில் பொருத்தி எழுதுவதில்லை. டைசனைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிற மாணவர்களுக்கு அவர் ஒரு வரியாகக்கூட வருவதில்லை. திண்டுக்கல் மாணவியிடம் நான் கேட்டுக்கொள்வது இது: பெயர் வேண்டாம், ஒரு பக்கம் அந்தப் பெண்ணுக்காக எழுதுங்கள்.

'உளச்சமூக' என்ற சொல்லில் பாதி சமூகம். அந்தப் பாதியை நம் வகுப்புகளில் விட்டுவிடுகிறோம். 1995 மார்ச்சில் விடுதலையானவருக்கு நியூயார்க்கின் ஹார்லெமில் வரவேற்பு ஏற்பாடு செய்தார்கள். அதை எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களில் கறுப்பினப் பெண்களும் இருந்தார்கள். ஆகஸ்டில் பீட்டர் மெக்னீலியோடு ஒரு சண்டை, 89 விநாடியில் முடிந்தது, கோடிக்கணக்கில் பணம் கொட்டியது. சிறையிலிருந்து வந்த 29 வயது மனிதரிடம் ஊர் என்ன சொல்லி அனுப்பியது? இரண்டு வருடம் கழித்து ஹோலிஃபீல்டின் காதைக் கடித்துத் துப்பியபோது அதே ஊர்தான் வாயைப் பொத்திக்கொண்டது.

கேள்வி: காசிமேடு பக்கம் பையன்களுக்கு பாக்சிங் சொல்லித் தருகிறேன். டைசன் வீடியோவைப் பார்த்துத்தான் பாதிப் பேர் வந்தார்கள். கஸ் மாதிரி ஒரு கோச் ஆகணும் என்பது என் ஆசை. அது தப்பா மேடம்?
(ஒரு பயிற்சியாளர், வடசென்னை)

ஆசை தப்பில்லை, தம்பி. உங்கள் பகுதியில் மொட்டை மாடிப் புறாக்கூடும் உண்டு, கையுறை மாட்டிய பையன்களும் உண்டு. டைசன் கதை அவர்களுக்கு அந்நியமே இல்லை. கஸ் செய்த பெரிய காரியத்தை மேலே சொல்லிவிட்டேன். அவர் செய்யாமல் விட்டதை உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

கேட்ஸ்கில்லில் டெடி அட்லஸ் என்ற இளம் பயிற்சியாளர் இருந்தார். டைசனுக்குத் தினசரிப் பயிற்சி கொடுத்தது அவர்தான். 1982-ல் தன் உறவுக்காரச் சிறுமியிடம், 11 வயதுப் பிள்ளையிடம், டைசன் தகாதபடி நடந்துகொண்டார் என்று அட்லஸ் பின்னாளில் சொன்னார். கோபத்தில் டைசனின் காதோரம் துப்பாக்கியை வைத்து மிரட்டினார். அது பயங்கரமான செயல், எந்தப் பயிற்சியாளரும் செய்யக் கூடாதது. ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். அட்லஸ் வெளியேற வேண்டியிருந்தது. டைசன் தங்கினார். பள்ளியில் வம்பு செய்தபோதும் கஸ் பையன் பக்கமே நின்றார் என்பது அட்லஸின் குற்றச்சாட்டு. கஸ்ஸுக்கு வயதாகிவிட்டது, தான் சாவதற்குள் ஒரு சாம்பியனைப் பார்த்துவிட வேண்டும் என்ற அவசரம் அவருக்கு இருந்தது என்று நான் நினைக்கிறேன். அவர் அன்பு பொய்யில்லை. ஆனால் முன்முயற்சிக்கு எதிரே எரிக்சன் 'குற்ற உணர்வு' என்று எழுதியது சும்மா இல்லை. 'இதற்கு மேல் போகக் கூடாது' என்று ஒரு பெரியவர் சொல்ல வேண்டும். சொன்னவரை அந்த வீடு இழந்தது.

நான் சில வருடம் சனிக்கிழமைகளில் சிறுவர்களுக்கான கூர்நோக்கு இல்லம் ஒன்றுக்குப் போய்ப் பேசிக்கொண்டிருப்பேன். பைக் திருடிப் பிடிபட்ட 15 வயதுப் பையன் ஒருவன் இருந்தான். எந்தப் பூட்டையும் திறப்பான். "நான் கை வச்சா ஸ்டார்ட் ஆயிரும் டீச்சர்" என்பான். அதைச் சொல்லும்போது மட்டும்தான் நிமிர்ந்து உட்காருவான். வெளியே போனதும் ஒரு மெக்கானிக் அவனைப் பட்டறையில் சேர்த்துக்கொண்டார். இரண்டு வருடம் கழித்து பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்து ஓடி வந்தான். நகக்கண்ணில் கிரீஸ். எப்படி இருக்கிறாய் என்றேன். "ஓனர் ரொம்பத் திட்டுறாரு டீச்சர், அஞ்சு நிமிஷம் லேட்டா போனாலும் விடமாட்டாரு" என்றான். அதைச் சிரித்துக்கொண்டே, ஏறக்குறையப் பெருமையாகச் சொன்னான். கையில் வித்தை இருக்கிறது என்பதற்காக அவனை அந்த மனிதர் சும்மா விடவில்லை.

உங்கள் பையன்களில் யார் நன்றாக அடிக்கிறானோ அவன் தவறு செய்யும் நாள் வரும். மாநிலப் போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போதுதான் வரும். அன்றைக்கு அவனைப் போட்டியிலிருந்து நிறுத்த உங்களால் முடியுமா என்று இப்போதே யோசித்து வையுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு 19 வயது. பள்ளியிலிருந்தே ஓட்டப் பந்தயம். முழங்கால் ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் ஆகிவிட்டது. "ஓடாவிட்டால் நான் யாரும்மா?" என்று அழுகிறாள். டைசன் மாதிரி ஆகிவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது.
(ஒரு தாய், ஈரோடு)

ஆக மாட்டாள், அம்மா. டைசன் 19 வயதில் கேட்க முடியாத கேள்வியை உங்கள் மகள் கேட்கிறாள், அதுவும் உங்களிடம் கேட்கிறாள். எரிக்சன் இந்தக் காலத்தை ஒரு 'தவணைக் காலம்' என்றார். முடிவைத் தள்ளிப்போட்டு இதையும் அதையும் செய்து பார்க்கக் கிடைக்கும் அவகாசம். அவரும் இளவயதில் ஓவியன் ஆகிறேன் என்று சில வருடம் ஐரோப்பாவில் சுற்றியவர்தான். உடனே "பேங்க் எக்ஸாம் எழுது" என்று பதிலை நீங்கள் நிரப்பிவிடாதீர்கள். பிசியோதெரபிக்குக் கூடப் போங்கள். அழுதால் பக்கத்தில் இருங்கள். தூக்கம், சாப்பாடு விட்டுப்போனால் மட்டும் தாமதிக்காமல் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: 58 வயதில், தன்னைவிட 31 வயது இளைய யூடியூபர் ஜேக் பாலோடு டைசன் மோதியதைப் பார்த்தேன். பாவமாக இருந்தது. அவர் எந்தக் கட்டத்தில் இருக்கிறார்? திருந்திவிட்டாரா?
(கல்லூரி மாணவர், மதுரை)

எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. 2024 நவம்பர் 15, டெக்சாஸ். எட்டு ரவுண்டும் நின்றார், புள்ளிக் கணக்கில் தோற்றார். கால்கள் நகரவே இல்லை.

ஏழாம் கட்டம் ஆக்கத்திறன், எதிரே தேக்கம். தனக்குப் பின்னால் வருகிறவர்களை வளர்க்கும் காலம். டைசன் அதற்குள் வந்த விதம் கொடுமையானது. சண்டைகளில் சுமார் 30 கோடி டாலர் சம்பாதித்தவர் 2003-ல் திவால் ஆனார். 2005-ல் கெவின் மெக்பிரைடோடு நடந்த சண்டையில் ஆறாவது ரவுண்டு முடிந்து ஸ்டூலில் உட்கார்ந்தவர் எழவில்லை. இனி என்னால் முடியாது, இந்த விளையாட்டை அவமதிக்க விரும்பவில்லை என்றார். 2009 மே மாதம் அவருடைய நான்கு வயது மகள் வீட்டில் டிரெட்மில் கயிறு கழுத்தில் இறுகி இறந்துபோனாள். அதைப் பற்றி எழுதும்போது என் கை ஓடவில்லை. அந்த ஜூனில் கிகி ஸ்பைசரை மணந்தார். 2012-ல் மேடையில் தனியாளாக நின்று தன் கதையைத் தானே சொல்லும் நிகழ்ச்சியை நடத்தினார். குடியும் போதையும் அதற்குப் பிறகும் அவரை லேசில் விடவில்லை, அதையும் அவரே ஒத்துக்கொண்டார். புறாக்கள் மேல் வைத்த ஆசையை மட்டும் விடவில்லை.

திருந்திவிட்டாரா என்று கேட்கிறீர்கள். பிள்ளைகளோடு, ஒரே மனைவியோடு பல வருடமாக வாழ்கிறார் என்பது தெரியும். அந்தத் தீர்ப்பை மறுத்துக்கொண்டே இருக்கிறார் என்பதும் தெரியும். இரண்டாவதைத் தள்ளிவிட்டு முதலாவதை மட்டும் வைத்து 'திருந்தினார்' என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஜேக் பால் சண்டைக்கு முன்னால் 14 வயதுச் சிறுமி ஒருத்தி அவரைப் பேட்டி எடுத்தாள். உங்களைப் பார்த்து வளரும் எங்களுக்கு எதை விட்டுச் செல்ல விரும்புகிறீர்கள் என்று கேட்டாள். அப்படி ஒன்றில் தனக்கு நம்பிக்கையே இல்லை, செத்தால் அவ்வளவுதான், நாமெல்லாம் வெறும் தூசி என்கிற மாதிரி பதில் சொன்னார். அந்தப் பிள்ளை பதறாமல் நன்றி சொன்னாள். நான் அந்தக் காட்சியை மூன்று முறை பார்த்தேன். முதல் முறை எட்டாம் கட்டத்தின் 'விரக்தி' என்று தோன்றியது. மூன்றாவது முறை, சாம்பியன் என்ற ஒரே சொல்லில் தொங்கிக்கொண்டிருந்த மனிதர் அதை இறக்கி வைத்துவிட்டாரோ என்று தோன்றியது.

திண்டுக்கல் மாணவிக்கு: எட்டாவது கட்டத்தைக் காலியாக விடுங்கள். ஏன் என்று கேட்டால், அவர் இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை என்று ஓரத்தில் பென்சிலால் எழுதிவையுங்கள்.